பறவைத்தலை இல்லாத மூத்த பிள்ளை: பியூகுலிடே குடும்பத்துக்கு ஓர் அறிமுகம்

கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்குப் பியூகுலா என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். சிறு தொகுதிகள் என்ற தலைப்பில் இரண்டு பக்கம், செய்முறைத் தேர்வில் ஒரு கண்ணாடித் தகடு, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் முதலில் பார்த்தேன். சிவப்புச் சாயம் ஏற்றிய சின்னக் கிளை, அதில் அடுக்கடுக்காகப் பெட்டிகள். படம் வரைந்து பாகம் குறித்துவிட்டு அடுத்த தகட்டுக்கு நகர்ந்துவிட்டோம்.

உயிரோடு பார்த்தது பல ஆண்டுகள் கழித்து. துறைமுகத்தில் தண்ணீருக்குள் தொங்கிக் கிடந்த பழைய கயிறு ஒன்றை மேலே இழுத்தபோது, கொட்டலசுகளுக்கும் சிப்பிகளுக்கும் நடுவே செம்பழுப்பு நிறத்தில் கொத்துக்கொத்தாக ஏதோ ஒட்டியிருந்தது. பார்க்கிற யாரும் கடற்பாசி என்றுதான் சொல்வார்கள். ஒரு கொத்தைக் கிள்ளிக் கண்ணாடித் தம்ளரில் கடல்தண்ணீரோடு போட்டு, அசைக்காமல் பத்து நிமிடம் வைத்திருந்தேன். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தால், கிளைகளின் மேல் பனி படர்ந்த மாதிரி மெல்லிய வெண்புனல்கள் விரிந்திருந்தன. விரலால் தம்ளரைத் தட்டினேன். அத்தனையும் கண்ணிமைக்கும் முன்னே காணாமல் போயின. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று எட்டிப் பார்த்தது, அப்புறம் நான்கு, அப்புறம் எல்லாமே மறுபடி வெளியே வந்தன.

பாசி இப்படிச் செய்யாது. அது விலங்கு. சரியாகச் சொன்னால் ஒரு விலங்கு கூட இல்லை, ஆயிரக்கணக்கான விலங்குகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய கூட்டுயிரி. இந்தத் தொகுதிக்குப் பிரையோசோவா என்று பெயர். கிரேக்கத்தில் அதற்குப் பாசி விலங்கு என்று பொருள். 1831இல் எஹ்ரன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் வைத்த பெயர் இது. அதற்கு முந்தைய ஆண்டே ஜான் வாகன் தாம்சன் இவற்றுக்குப் பாலிசோவா என்று பெயர் சூட்டியிருந்தார். இரண்டில் எது செல்லும் என்று நீண்ட காலம் சண்டை நடந்தது. ஆங்கிலேயர்கள் வெகுகாலம் பாலிசோவாவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நிலைத்தது பிரையோசோவா.

இன்று உயிரோடிருக்கும் சிற்றினங்கள் 6,000 அளவில் விவரிக்கப்பட்டுள்ளன. அவ்வளவையும் ஒரு கட்டுரையில் அடக்க முடியாது. அதனால் இங்கே ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: பியூகுலிடே. நான் கயிற்றில் பார்த்த பியூகுலா நெரிட்டினா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. உடலமைப்பு புரிந்தால் வகைப்பாடு தானாகப் புரியும் என்பது என் அனுபவம். அதிலும் இந்தக் குடும்பத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஒரு பெட்டிக்குள்

கூட்டுயிரியின் ஓர் அங்கத்தினருக்கு ஜூவாய்டு என்று பெயர். பியூகுலா நெரிட்டினாவில் ஒரு ஜூவாய்டு ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. மேலிருந்து பார்த்தால் நீண்ட செவ்வகப் பெட்டி. இரண்டு வரிசையாக, செங்கல் அடுக்கிய மாதிரி ஒன்று விட்டு ஒன்று ஏறி நின்று ஒரு கிளையாகிறது. கிளை இரண்டாகப் பிரியும், அது மறுபடி இரண்டாகப் பிரியும். சில மாதங்களில் கையகலப் புதர்.

பெட்டியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வீடு, மற்றொன்று குடியிருப்பவர். சுவருக்குச் சிஸ்டிட் என்றும், உள்ளே உள்ள மென்மையான உடலுக்குப் பாலிப்பைடு என்றும் பெயர். இது வெறும் ஒப்புமை என்று நினைத்துவிட வேண்டாம். குடியிருப்பவர் செத்து, அதே வீட்டில் புதியவர் முளைப்பதும் இங்கே நடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குடியிருப்பவரின் முக்கிய உடைமை, நான் லென்ஸில் பார்த்த அந்தப் புனல். லோஃபோஃபோர் என்பார்கள். நெரிட்டினாவில் 20 முதல் 24 உணர்நீட்சிகள் வட்டமாக நிற்கும். ஒவ்வொரு நீட்சியின் மேலும் மெல்லிய மயிர் போன்ற குறுயிழைகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். அவை தண்ணீரைப் புனலின் வாய்க்குள் இழுத்து, நீட்சிகளின் இடுக்கு வழியாக வெளியே தள்ளுகின்றன. நுண்பாசிகள் அடியில் உள்ள வாயில் தங்கிவிடும். அங்கிருந்து உணவுப்பாதை பெட்டிக்குள் இறங்கி, ஆங்கில யூ எழுத்தைப் போல வளைந்து மறுபடி மேலே வருகிறது. ஆசனவாய் வாய்க்கு அருகிலேயே, ஆனால் உணர்நீட்சி வளையத்துக்கு வெளியே திறக்கிறது. இந்த ஓர் அம்சத்தை வைத்துத்தான் இவற்றுக்கு எக்டோபிராக்டா, அதாவது வெளி ஆசனவாயி, என்ற மற்றொரு பெயர் வந்தது. ஆசனவாய் வளையத்துக்கு உள்ளே திறக்கும் உயிரிகளும் கடலில் இருக்கின்றன. ஒரு காலத்தில் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்திருந்தார்கள். 1869இல் நிட்ஷே என்ற விலங்கியலாளர் (தத்துவஞானி அல்ல) இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, இரண்டு பெயர்களாகப் பிரித்தார்.

இதயம் கிடையாது, செவுள் கிடையாது, சிறுநீரகம் போன்ற எதுவும் கிடையாது. இவ்வளவு சிறிய உடலுக்கு அவை தேவைப்படவில்லை. வாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு நரம்பு முடிச்சு, அவ்வளவுதான் மூளை.

சரி, தட்டியவுடன் புனல் எப்படி மறைந்தது? புனலின் அடியிலிருந்து பெட்டியின் அடிச்சுவர்வரை ஒரு தசைக்கற்றை ஓடுகிறது. விலங்குலகில் மிக வேகமாகச் சுருங்கும் தசைகளில் பாசி விலங்குகளின் இந்தத் தசையும் ஒன்று. உள்ளே இழுப்பதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நம் கண்ணுக்கு அது மறைவதாகத்தான் தெரியும், நகர்வதாகத் தெரியாது.

வெளியே வருவதுதான் நிதானமான வேலை. பெட்டியின் பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு உண்டு. முன்பக்கம் மட்டும் பெரும்பாலும் தோல் மாதிரியான சவ்வு. உள்ளே முழுக்கத் திரவம். பக்கச் சுவரிலிருந்து இந்தச் சவ்வுக்குச் சிறு தசைகள் போகின்றன. அவை சவ்வை உள்நோக்கி இழுக்கும்போது திரவத்துக்கு இடம் குறைகிறது, அழுத்தம் கூடுகிறது, புனல் வெளியே பிதுங்குகிறது. பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிவிட்டு நடுவில் அழுத்துவது மாதிரிதான். ஆகவே முன்சவ்வு மென்மையாக இருந்தே தீரவேண்டும். அது மென்மையாக இருந்தால் எதிரி கடிப்பதும் எளிது. இந்தச் சிக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பியூகுலிடே அடங்கும் பெருங்குழுவைச் சேர்ந்த பாசி விலங்குகளின் பரிணாமத்தில் பெரும்பகுதி இதைச் சமாளித்த கதைதான். சில குடும்பங்கள் சவ்வுக்கு மேலே ஓடு கட்டின, சில அடியில் தனிப்பை வைத்துக்கொண்டன. பியூகுலிடே சவ்வைத் திறந்தே விட்டுவிட்டு, வாசலில் காவல் போட்டது.

காவலுக்கு முன் அந்தப் பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். கழிவை வெளியேற்றத் தனி உறுப்பு இல்லாததால், பாலிப்பைடு சில வாரங்களில் தளர்ந்து கரைந்து, பெட்டிக்குள் ஒரு பழுப்பு உருண்டையாகச் சுருங்குகிறது. அதற்குப் பழுப்பு உடலம் என்றே பெயர். பிறகு சுவரிலிருந்து புதிய மொட்டு கிளம்பி, புது உணர்நீட்சிகளும் புது உணவுப்பாதையும் உள்ள பாலிப்பைடாக வளர்கிறது. கிளையின் நுனியில் இளம் ஜூவாய்டுகள் சுறுசுறுப்பாக உண்ணும். கொஞ்சம் கீழே வந்தால் பழுப்பு உருண்டை மட்டும் உள்ள பெட்டிகள் தெரியும். பல வீடுகள் பூட்டிக் கிடந்தாலும் தெரு உயிரோடுதான் இருக்கிறது, ஏனென்றால் பக்கத்துப் பெட்டிகளுக்கு நடுவே சுவரில் நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே ஒரு திசு இழை ஓடி, உண்பவர்களிடமிருந்து உண்ணாதவர்களுக்கு ஊட்டம் கொண்டுபோகிறது.

எல்லா ஜூவாய்டும் உண்ண வேண்டும் என்ற கட்டாயமில்லை. அடிப்பகுதியில் சில, வேர் போன்ற குழாய்களாக மாறிக் கயிற்றையோ மரத்தையோ பற்றிக்கொள்கின்றன. வாயில்லை, வயிறில்லை. பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே அவற்றின் வாழ்நாள் வேலை.

வாசலில் நிற்கும் பறவைத்தலை

இப்போது காவலுக்கு வருவோம். பியூகுலிடே குடும்பத்தின் பல உறுப்பினர்களில், ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் குட்டையான காம்பின் மேல் ஒரு பறவைத்தலை உட்கார்ந்திருக்கும். நான் உவமை சொல்லவில்லை. வளைந்த மேலலகு, திறந்து மூடும் கீழலகு, உருண்டையான மண்டை, மெலிந்த கழுத்து, எல்லாம் அப்படியே. கண் மட்டும்தான் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜான் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்துவிட்டுப் பறவைத்தலைப் பவளப்பாசி என்றே எழுதினார். லத்தீனில் சிறு பறவை என்ற பொருளில் அவிகுலேரியம் என்ற பெயர் நிலைத்தது.

உயிருள்ள கிளையில் இவற்றைப் பார்ப்பது மறக்க முடியாத காட்சி. ஒவ்வொரு தலையும் தன் போக்கில் மெல்ல முன்னும் பின்னும் ஆடும். அலகு அகலத் திறந்து, சட்டென்று மூடும். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் இதை நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்திருக்கிறார். பெரும்பாலான தலைகள் கழுகின் தலையைப் போலவே இருப்பதாகவும், ஆனால் கீழலகு உண்மையான பறவையைவிட அகலமாகத் திறப்பதாகவும் குறித்துவைத்தார். ஊசிமுனையால் தொட்டால் அலகு அதைக் கவ்விக்கொள்ளுமாம். ஊசியை அசைத்தால் முழுக் கிளையும் ஆடும் அளவுக்குப் பிடி. உள்ளிருந்த பாலிப்பைடை எடுத்துவிட்ட பின்பும் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்ததையும் கவனித்திருக்கிறார்.

டார்வினுக்கும் பாசி விலங்குகளுக்கும் உறவு அதற்கு முன்பே தொடங்கியது. எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போன 18 வயதுப் பையன், 1827 மார்ச் 27 அன்று மாணவர் சங்கமொன்றில் தன் வாழ்வின் முதல் அறிவியல் கண்டுபிடிப்பை அறிவித்தார். பியூகுலாவின் நெருங்கிய உறவான ஃபிளஸ்ட்ராவின் முட்டைகள் என்று அதுவரை நினைத்தவை குறுயிழைகளால் நீந்துகின்றன என்பதே அந்த அறிவிப்பு. அதாவது அவை லார்வாக்கள்.

பறவைத்தலை என்ன செய்கிறது? மேலே ஊர்ந்து வரும் சிறு கணுக்காலிகளின் காலையோ புழுவையோ கவ்விப் பிடிக்கிறது. தானே தின்ன முடியாது, அதற்கு வயிறு இல்லை. பிடித்ததைப் பக்கத்து வாய்க்குக் கொடுப்பதும் இல்லை. மென்மையான முன்சவ்வின் மேல் கூடுகட்டவோ நடமாடவோ வருகிறவர்களைத் தடுப்பதுதான் அதன் பயன் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இங்கேதான் உடலமைப்பின் மிக அழகான செய்தி இருக்கிறது. பறவைத்தலை என்பது ஜூவாய்டின் ஓர் உறுப்பு என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் அது ஒரு முழு ஜூவாய்டு. மண்டைதான் பெட்டி. அலகின் உட்புறத்தில் உணர்மயிர்களோடு ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அது சுருங்கிப்போன பாலிப்பைடு. கீழலகு எங்கிருந்து வந்தது? இந்தக் குடும்பம் சேர்ந்திருக்கும் வரிசையின் பெயர் கைலோஸ்டொமாட்டா. உதட்டு வாயிகள் என்று பொருள் கொள்ளலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியின் வாயில் ஒரு சிறு மூடி உண்டு, புனல் உள்ளே போனதும் அது சாத்திக்கொள்ளும். அந்த மூடிதான் பறவைத்தலையில் பெரிதாகிக் கீழலகாக மாறியிருக்கிறது. மூடியைச் சாத்தும் தசைகள் அலகைக் கடிக்க வைக்கும் தசைகளாகப் பெருத்துவிட்டன. ஆனால் பியூகுலாவின் உண்ணும் ஜூவாய்டுகளில் மூடியே கிடையாது! வாய்த்துளை தோல் மடிப்பால் மட்டும் மூடுகிறது. வீட்டுக்கதவைக் கழற்றிக் காவல்காரன் கையில் கொடுத்துவிட்ட மாதிரி, மூடி மறைந்த குடும்பத்தில் அது அலகாக மட்டும் பிழைத்திருக்கிறது.

இப்படி ஒரு கருவி படிப்படியாக எப்படி வந்திருக்க முடியும் என்று மிவார்ட் என்பவர் டார்வினை எதிர்த்துக் கேட்டார். 1872இல் வந்த, உயிரினங்களின் தோற்றம் என்ற தன் நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் இதற்காகவே சில பக்கங்களை ஒதுக்கினார். சாதாரண ஜூவாய்டுக்கும் பறவைத்தலைக்கும் நடுவே படிநிலைகள் இருப்பதைக் காட்டினார். ஜூவாய்டின் இடத்திலேயே காம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் அவிகுலேரியங்கள் சில குடும்பங்களில் இன்றும் உண்டு. பியூகுலிடேயில் காம்பு முளைத்து, தலை ஆட முடிகிற நிலை வந்திருக்கிறது.

முத்துப் பை

நெரிட்டினாவின் கிளைகளில் வெள்ளை முத்துகள் கோத்த மாதிரி உருண்டைகள் வரிசையாகத் தெரியும். கைலென்ஸ் கூடத் தேவையில்லை, கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே புள்ளிகளாகத் தெரியும். அவை ஓவிசெல்கள், கருவை வைத்து வளர்க்கும் அறைகள். இந்த இனத்தில் கரு வெறுமனே மஞ்சள்கருவை நம்பி வளர்வதில்லை. அறையின் ஒரு பக்கத்தில் தாயின் திசு கருவோடு ஒட்டி நின்று ஊட்டம் தருகிறது. நஞ்சுக்கொடியின் எளிய வடிவம் என்று சொல்லலாம். முட்டையாக இருந்ததைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பருத்த பிறகுதான் லார்வா வெளியே வருகிறது.

வெளிவருவது விடியல் வெளிச்சத்தில். ஆய்வகங்களில் கூட்டுயிரியை இரவெல்லாம் இருட்டில் வைத்திருந்து காலையில் விளக்கைப் போடுவார்கள். சிறிது நேரத்தில் பழுப்பு நிறப் பொடியைத் தூவியது மாதிரி லார்வாக்கள் வெளிச்சத்தை நோக்கி நீந்தும். அவற்றுக்கு உண்ண வாய் இல்லை, அதனால் அலையவும் நேரமில்லை. சில மணி நேரத்தில் வெளிச்சத்தை வெறுக்கத் தொடங்கி, நிழலான பரப்பைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் உள்ளுறுப்புகள் கரைந்து, இரண்டு மூன்று நாளில் முதல் ஜூவாய்டு எழுந்து நிற்கும். அதற்கு ஆன்செஸ்ட்ருலா என்று பெயர். பின்னால் வரும் முழுப் புதரும் அதன் மொட்டுகளும் மொட்டுகளின் மொட்டுகளும்தான். ஆகவே ஒரு புதரின் எல்லா ஜூவாய்டுகளும் மரபில் ஒன்றே.

பெயர் போன வழி

இப்போது வகைப்பாடு. மேலிருந்து இறங்கினால் இப்படி வரும்: தொகுதி பிரையோசோவா. அதில் நன்னீரில் வாழ்பவை தனி வகுப்பு, குழாய் வடிவச் சுண்ணாம்புப் பெட்டிகள் உள்ளவை இன்னொரு வகுப்பு, மீதி ஜிம்னோலிமேட்டா. அதற்குள் கைலோஸ்டொமாட்டா வரிசை, அதற்குள் முன்சவ்வு திறந்தவை பெரும்பாலும் சேரும் ஃபிளஸ்ட்ரினா, அதற்குள் பியூகுலிடே. இந்த ஏணியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெயர்கள் எப்படி இடம் மாறின என்பதுதான் சுவையான பகுதி.

1758இல் லின்னேயஸ் நம் செம்பழுப்புப் புதரைச் செர்ட்டுலேரியா நெரிட்டினா என்று பதிவு செய்தார். செர்ட்டுலேரியா என்பது இன்று ஹைட்ரா, ஜெல்லிமீன் வகையறாவைச் சேர்ந்த ஒரு பேரினம். கிளைவிட்ட, பாசி மாதிரியான எல்லாம் அன்று ஒரே கூடையில் கிடந்தன. ஹைட்ரா வகைக்கு வாயும் கழிவுத்துளையும் ஒன்றே, பாசி விலங்குக்கு இரண்டும் தனித்தனி. இந்த வித்தியாசத்தைப் பார்க்க உயிருள்ள பாலிப்பைடைக் கவனிக்க வேண்டும். காய்ந்த மாதிரியில் அது தெரியாது. 1815இல் ஒக்கென் பியூகுலா என்ற பேரினத்தை நிறுவினார். 1848இல் ஜான் எட்வர்ட் கிரே அதைத் தலைமையாக வைத்துப் பியூகுலிடே குடும்பத்தை அமைத்தார்.

குடும்பத்துக்கு அடையாளம் என்ன? நிமிர்ந்து புதராக வளர்வது, சுண்ணாம்பு குறைவாக இருப்பதால் கிளை வளைந்து கொடுப்பது, முன்பக்கத்தில் பெரும்பகுதி சவ்வாக இருப்பது, காம்புள்ள பறவைத்தலை. பக்கத்துக் குடும்பமான கேண்டிடேயில் கிளைகளுக்கு நடுவே கைட்டின் கணுக்கள் இருக்கும், பறவைத்தலையோடு சாட்டை மாதிரி நீண்ட மயிரை வீசும் ஜூவாய்டுகளும் சேர்ந்திருக்கும். பியூகுலாவின் கிளையில் அப்படிக் கணு இல்லை, சாட்டையும் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? தம்ளரில் நான் பார்த்த நெரிட்டினாவைப் பற்றிச் சொன்னபோது பறவைத்தலையை நான் குறிப்பிடவே இல்லை. காரணம், அதற்குப் பறவைத்தலை இல்லை. முட்களும் இல்லை. குடும்பத்துக்கே பெயர் கொடுத்த பேரினத்தின் மாதிரிச் சிற்றினம் அது. மூத்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கே குடும்ப முத்திரை கிடையாது! தொடக்கத்தில் இது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. பிறகுதான் தெளிந்தது. ஒரு குடும்பம் என்பது எல்லோரும் ஒரே அடையாளத்தைச் சுமப்பதால் உருவாவதில்லை, ஒரே மூதாதையிலிருந்து வந்ததால் உருவாகிறது. பறவைத்தலை அந்த வழியில் வந்தவர்களிடம் பொதுவாக இருக்கும், சிலர் அதை இழந்திருப்பார்கள். அடையாளம் என்பது உறவைத் தேட உதவும் தடயம், அவ்வளவே.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பியூகுலாவே எடுத்துக்காட்டு. இரண்டு வரிசைப் பெட்டி, புதர் வளர்ச்சி, பறவைத்தலை என்றிருந்த எதையும் பியூகுலா என்ற பேரினத்திலேயே போட்டுக்கொண்டே போனார்கள். 2015இல் ஃபெலாவர்-ஆலே தலைமையிலான குழு மரபணுக்களையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்து, இந்த மூட்டையில் தனித்தனிக் கிளைகள் இருப்பதைக் காட்டியது. நெரிட்டினாவும் அதன் நெருங்கிய உறவுகளும் மட்டும் பியூகுலாவாக நீடித்தன. முட்களும் பறவைத்தலையும் உள்ள ஏராளமான இனங்கள் பியூகுலினாவுக்குப் போயின. எல்லிஸ் பார்த்த பறவைத்தலைக்காரரும் இன்று பியூகுலினா அவிகுலேரியாதான். இறகு மாதிரி மென்மையாகச் சுருண்டு வளரும் புளுமோசா, கிரிசுலேரியா ஆனது. இந்த இரண்டு பெயர்களும் கிரே 1848இல் வைத்துவிட்டுப் போனவை. நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தாமல் கிடந்து, மரபணு ஆய்வு வந்த பிறகு உயிர் பெற்றன. நான்காவது கிளைக்கு மட்டும் புதுப்பெயர் தேவைப்பட்டது: நீலப்பச்சை நிறத்தில் இருக்கும் டென்டாட்டாவுக்கு விரிடிடென்டுலா.

இவை தவிரவும் குடும்பத்தில் பல பேரினங்கள் உண்டு. அண்டார்க்டிக் கடலில் கேம்ப்டோபிளைட்டிஸ் நிறைய. அதன் பறவைத்தலைகள் நீண்ட நூல் மாதிரியான காம்பில் தொங்கும். ஆழ்கடல் சேற்றில் நிற்கும் கைனிட்டோஸ்கியாஸ், ஒற்றைத் தண்டின் உச்சியில் கிளைகளைக் குடைபோல விரித்திருக்கும். வடகோளக் குளிர்க்கடலில் டென்ட்ரோபீனியா, அதில் பெட்டிகள் இரண்டுக்கு மேற்பட்ட வரிசைகளில் நிற்பதால் கிளை பட்டையாக இருக்கும். எந்த இனத்தை அடையாளம் காண்பதாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. பெட்டிகள் எத்தனை வரிசை, மேல்மூலைகளில் முள் எத்தனை, பறவைத்தலை பெட்டியின் எந்த உயரத்தில் முளைக்கிறது, அலகு கொக்கியா மழுங்கலா, ஓவிசெல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சாராயத்தில் போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

ஒரே பெயர், மூன்று உயிர்

இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த பிறகும் கண் ஏமாறுகிறது. அதற்கும் நெரிட்டினாதான் சாட்சி.

பறவைத்தலை இல்லாத இது தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது? ஒரு பகுதி விடை வேதியியலில் இருக்கிறது. இதன் லார்வாவை மீன் வாயில் போட்டால் உடனே துப்பிவிடுகிறது. லார்வாவில் பிரையோஸ்டேட்டின் என்ற, மீனுக்குப் பிடிக்காத சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றைத் தயாரிப்பது லார்வாவின் உடலில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. எண்டோபியூகுலா செர்ட்டுலா என்று அதற்குப் பெயர். தாய் தன் லார்வாவுக்கு அதைக் கூடவே கொடுத்தனுப்புகிறது. லின்னேயஸின் பழைய செர்ட்டுலேரியா அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இந்தச் சேர்மங்கள் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது, ஜார்ஜ் பெட்டிட் என்ற அமெரிக்க வேதியியலாளரால். 1968இல் சேகரித்த மாதிரிகளில் புற்றுநோய்ச் செல்களுக்கு எதிரான செயல்பாடு தெரிந்தது. பிரையோஸ்டேட்டின் 1இன் கட்டமைப்பு 1982இல் வெளியானது. புற்றுநோய், அல்சைமர், எச்ஐவி என்று மூன்றுக்கும் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தாக அங்கீகாரம் கிடைக்கவில்லை. பெரிய தடை, பொருள் கிடைக்காததுதான். கலிஃபோர்னியக் கடலில் ஏறத்தாழ 13 டன் புதரை அள்ளியதில் கிடைத்தது 18 கிராம். 2017இல் பால் வெண்டரின் குழு 29 படிகளில் இதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டிய பிறகுதான் கடலை நம்பும் நிலை மாறியது.

அந்த அள்ளலின்போது ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரே பெயருள்ள புதர், ஓரிடத்தில் எடுத்தால் பிரையோஸ்டேட்டின் 1 தருகிறது, இன்னோரிடத்தில் எடுத்தால் அதைத் தரவில்லை, அதன் உறவுச் சேர்மங்களை மட்டுமே தருகிறது. 1999இல் டேவிட்சன், ஹேகுட் என்ற இரு ஆய்வாளர்கள் மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். ஆழமான நீரில் வளர்வது ஒன்று, ஆழமற்ற நீரில் வளர்வது வேறொன்று. மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றில் இரண்டுக்கும் சுமார் 8 விழுக்காடு வேறுபாடு. உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவும் வெவ்வேறு ரகம். வடஅட்லாண்டிக்கில் மூன்றாவது ஒன்றும் பிற்பாடு தெரியவந்தது. மூன்றுக்கும் முறையே டி, எஸ், என் என்று எழுத்துகள் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் அளவு, வரிசை, ஓவிசெல் எதைப் பார்த்தாலும் மூன்றும் நெரிட்டினாதான். வகைப்பாடு ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் இந்த 13 டன் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். தவறான வகையை அள்ளியிருந்தால் அந்த 18 கிராமும் கிடைத்திருக்காது.

உலகத் துறைமுகங்களில் கப்பலின் அடிப்பக்கத்தோடு சுற்றிப் பரவியது எஸ் வகை. கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பூசும் செம்புப் பூச்சையே தாங்கிக்கொண்டு வளரும் தெம்பு நெரிட்டினாவுக்கு உண்டு, அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நம் துறைமுகங்களிலும் இது பழகிய ஒட்டுண்ணிக் கூட்டத்தில் ஒன்று என்று சொல்பவர்கள் உண்டு. ஒட்டுண்ணி என்ற சொல் மட்டும் தவறு. இது யாரிடமும் உறிஞ்சுவதில்லை, ஒட்டி நின்று தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிறது.

கயிற்றிலிருந்து எடுத்த அந்தக் கொத்தை அன்று மாலையே கடலில் விட்டுவிட்டேன். ஒரே ஒரு சிறு கிளையைச் சாராயத்தில் போட்டு வைத்திருக்கிறேன். சில நாளில் செம்பழுப்பு மங்கி, வெள்ளை முத்துகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. குப்பியின் சீட்டில் பியூகுலா நெரிட்டினா என்று எழுதி, பக்கத்தில் வகை என்று போட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப லென்ஸ் போதாது.